"பகுதி 6.4 பார்க்க": ஒரு புத்தகம் இன்னொரு புத்தகத்துக்கு வழி சொல்றது எப்படி?

(எபிசோடில் பேசியதன் எழுத்து வடிவம். படிக்க வசதியாகச் சில இடங்கள் சுருக்கித் திருத்தப்பட்டுள்ளன.)

முதல்ல ஒரு பழைய காயத்தைக் கிளறிட்டு ஆரம்பிக்கிறேன்.

ஃபைனல் இயர் ப்ராஜெக்ட் ரிப்போர்ட் ஞாபகம் இருக்கா? ராத்திரி முழுக்க முழிச்சு வேர்டுல அடிச்சு, காலைல ஜெராக்ஸ் கடையில பிரிண்ட் போட்டு, ஸ்பைரல் பைண்டிங் பண்ணி, ஹெச்ஓடி மேசையில வச்சிருப்பீங்க. அவர் நடுவுல ஒரு பக்கத்தைத் திருப்புவார். அங்க கொட்டை எழுத்துல "எரர்! ரெஃபரன்ஸ் சோர்ஸ் நாட் ஃபவுண்ட்"னு இருக்கும். "படம் 3.2 பார்க்க"ன்னு இருக்க வேண்டிய இடம் அது. ஸ்க்ரீன்ல பார்த்தப்போ நல்லாத்தானே இருந்துச்சுன்னு நீங்க முழிப்பீங்க.

அந்த ஒரு வரிக்குப் பின்னாடி இருக்கிற விஷயம்தான் இன்னைக்கு எபிசோடு. கிராஸ் ரெஃபரன்ஸ். ஒரு இடத்துல நின்னுக்கிட்டு "மீதி அங்க இருக்கு, போய்ப் பார்"னு கை காட்டுறது. இதுல என்ன பெரிய விஷயம் இருக்குன்னு தோணும். எனக்கும் ஒரு போன் கால் வர்ற வரைக்கும் அப்படித்தான் தோணுச்சு.

அந்த போன் கால்

நான் டெக்னிக்கல் ரைட்டர். மெஷின் கூட வர்ற மேனுவல் எழுதுறது என் வேலை. கல்யாண வீட்டுல இதைச் சொன்னா, "அப்படியா, கதை எல்லாம் எழுதுவீங்களா?"ன்னு கேப்பாங்க. ஆமான்னு சொல்லிட்டு நகர்ந்துடுவேன்.

சில வருஷத்துக்கு முன்னாடி ஏர் கம்ப்ரஸர் தயாரிக்கிற ஒரு கம்பெனிக்காக எழுதிக்கிட்டு இருந்தேன். ஒரே மெஷினுக்கு நாலு புத்தகம்: பொருத்துறதுக்கு ஒண்ணு, ஓட்டுறவருக்கு ஒண்ணு, சர்வீஸ் பண்றவருக்கு ஒண்ணு, உதிரி பாகங்களுக்கு ஒண்ணு. ஓட்டுறவர் புத்தகத்துல ஒரு வரி: "மூடியைத் திறப்பதற்கு முன் அழுத்தத்தை வெளியேற்றவும். சர்வீஸ் மேனுவல், பகுதி 6.4 பார்க்க."

அடுத்த பதிப்பு வந்துச்சு. சர்வீஸ் மேனுவல் எழுதினவர் ஆறாவது அத்தியாயத்துல புதுசா ஒரு பகுதியைச் சேர்த்தார். அதுல தப்பே கிடையாது, மெஷின்ல புது வால்வு வந்திருந்தது, எழுதித்தான் ஆகணும். ஆனா அதனால பழைய 6.4 கீழ இறங்கி 6.5 ஆயிடுச்சு. பழைய 6.3 இப்போ 6.4. அது ஏர் ஃபில்டர் மாத்துற பகுதி.

ஒரு நாள் மதியம் ஒரு சர்வீஸ் டெக்னீஷியன் கூப்பிட்டார். ரொம்ப வருஷ அனுபவம் உள்ளவர். "தம்பி, 6.4ல பிரஷர் இறக்குறது இல்லையே, ஃபில்டர் மாத்துறதுல்ல இருக்கு?"ன்னு கேட்டார். அவர் பழக்கத்துல ஏற்கனவே பிரஷரை இறக்கிட்டார். கூட வந்த புதுப் பையனுக்குப் புத்தகத்தைக் காட்டிச் சொல்லிக் கொடுக்கும்போதுதான் இது கண்ணுல பட்டிருக்கு.

போனை வச்சதுக்கு அப்புறம் எனக்கு அந்தப் பையன் ஞாபகமாவே இருந்துச்சு. அவன் மட்டும் தனியா போயிருந்தா? புத்தகம் சொன்ன பக்கத்துக்குப் போய், அதுல இருக்கிறதைப் படிச்சு, ஸ்பேனரை எடுத்திருப்பான். உள்ளே அழுத்தத்துல காத்து இருக்கும்போது ஒரு மூடியைத் தளர்த்தினா அது தானா கழண்டு விழாது, பறக்கும்.

அந்த "6.4"ஐ டைப் பண்ணினது நான்தான்.

ஒரே புத்தகத்துக்குள்ள இது தீர்ந்துபோன பிரச்சினை

நம்பரைக் கையால டைப் பண்ணதுதான் தப்பு, சரி. அப்போ வேற எப்படிப் பண்றது?

ஒரே டாக்குமெண்டுக்குள்ளன்னா வழி பழசு. லெஸ்லி லாம்போர்ட் 1980-கள்ல உருவாக்கின லேடெக்கை எடுத்துக்குவோம். அதுல நீங்க நம்பர் எழுதுறதே இல்ல. அந்தப் பகுதிக்கு ஒரு பேர் வைக்கிறீங்க, உதாரணமா "அழுத்தம்-வெளியேற்றல்"னு. வேற இடத்துல "அந்தப் பேருக்கு உரிய நம்பரை இங்க போடு"ன்னு சொல்றீங்க. முதல் தடவை ஓடும்போது லேடெக் எந்தப் பேருக்கு எந்த நம்பர்னு ஒரு துணை ஃபைல்ல குறிச்சு வச்சுக்கும். ரெண்டாவது தடவை ஓடும்போது அந்தக் குறிப்பைப் பார்த்து நம்பரைப் போடும். பேர் கிடைக்கலன்னா ரெண்டு கேள்விக்குறி போட்டுட்டு எச்சரிக்கையும் கொடுக்கும். லேடெக்ல தீசிஸ் எழுதினவங்களுக்கு அந்த ரெண்டு கேள்விக்குறி கனவுலயும் வரும்.

இதுல ரெண்டு பாடம் இருக்கு. நம்பரைக் குறிக்காதே, பேரைக் குறி. ஒரே ஓட்டத்துல முடியாது, ரெண்டு ஓட்டம் வேணும். இந்த ரெண்டையும் ஞாபகம் வச்சுக்கங்க, திரும்ப வருவேன்.

எக்ஸ்எம்எல்-ல எழுதினா இன்னும் வசதி. டாக்புக்னு ஒண்ணு இருக்கு. 1991ல ஹால் கம்ப்யூட்டர் சிஸ்டம்ஸும் ஓரைலியும் சேர்ந்து ஆரம்பிச்சது, தொழில்நுட்பப் புத்தகங்களுக்கான ஒரு எழுத்து முறை. அதுல ஒவ்வொரு பகுதிக்கும் ஒரு ஐடி கொடுக்கலாம். இல்லாத ஐடியை நீங்க சுட்டினா, ஃபைலைச் சரிபார்க்கும்போதே "அப்படி ஒண்ணு இங்க இல்ல"ன்னு சொல்லிடும். பிரிண்ட் வரைக்கும் போகவே போகாது.

ஆனா இந்தச் சோதனை ஒரே டாக்குமெண்டுக்குள்ள மட்டும்தான்.

பக்கத்து வீடு வேற, பக்கத்து ஊர் வேற

நம்ம தெருவுல "மாடி வீடு"ன்னு சொன்னாப் போதும், எல்லாருக்கும் தெரியும். வெளியூர்ல இருந்து வர்றவர்கிட்ட அப்படிச் சொல்ல முடியுமா? முதல்ல ஊர், அப்புறம் தெரு, அப்புறம்தான் மாடி வீடு.

ரெண்டு புத்தகத்துக்கு நடுவுல நடக்கிறதும் இதுதான். "அறிமுகம்"ங்கிற ஐடி நாலு புத்தகத்துலயும் இருக்கும். அதனால வெளியூர் விலாசத்துக்கு ரெண்டு பாகம் வேணும்: எந்தப் புத்தகம், அந்தப் புத்தகத்துல எந்த இடம். டாக்புக்ல இதுக்குன்னே ஓலிங்க்னு ஒரு குறி இருக்கு. அதுல புத்தகத்தோட அடையாளப் பேரும் பகுதியோட ஐடியும் தனித்தனியா எழுதணும். ஃபைல் எந்த ஃபோல்டர்ல இருக்கு, எந்தப் பக்கம், என்ன நம்பர்னு எதுவுமே அதுல இருக்காது.

அப்போ மெஷினுக்கு எப்படித் தெரியும்? பழைய ரெண்டு ஓட்டம்தான், கொஞ்சம் பெரிய அளவுல. முதல் ஓட்டத்துல ஒவ்வொரு புத்தகமும் தன்னைப் பத்தி ஒரு பட்டியல் தரும்: என்கிட்ட இந்த ஐடி எல்லாம் இருக்கு, அதோட தலைப்பு இது, இப்போதைய நம்பர் இது. இன்னொரு ஃபைல்ல எந்தப் புத்தகம் எந்த ஃபோல்டர்ல வெளியாகும்னு ஒரு வரைபடம் இருக்கும். இது ரெண்டும் சேர்ந்ததுதான் இலக்குகளோட தகவல்தளம். ரெண்டாவது ஓட்டத்துல அதைப் பார்த்துப் பார்த்து, "சர்வீஸ் மேனுவல், பகுதி 6.5"னு சரியான வார்த்தையைப் போட்டு, லிங்க்கும் கொடுத்துடும்.

முதல் ஓட்டம் ஏன் எல்லாப் புத்தகத்துக்கும் தனியா நடக்கணும்? ஓட்டுறவர் புத்தகம் சர்வீஸ் புத்தகத்தைக் காட்டுது, சர்வீஸ் புத்தகம் ஓட்டுறவர் புத்தகத்தைக் காட்டுது. எதை முதல்ல தயார் பண்ணுவீங்க? எதைப் பண்ணாலும் இன்னொண்ணு பழசாத்தான் இருக்கும். அதனால முதல்ல எல்லார்கிட்டயும் பட்டியல் மட்டும் வாங்கணும், அப்புறம்தான் சமையல். ஒரு புத்தகத்துல தலைப்பு மாறினாக்கூட அதைக் காட்டுற மத்த புத்தகங்களையும் திரும்பத் தயார் பண்ணணும். இதை மறந்துட்டா எவ்வளவு நல்ல சிஸ்டம் இருந்தாலும் பழைய நம்பரேதான் வெளியே போகும்.

பைத்தான் படிக்கிறவங்க இதை வேற பேர்ல தினமும் பார்க்கிறீங்க. பைத்தான் டாக்குமெண்டேஷனுக்காக உருவாகி 2008ல வெளிவந்த ஸ்ஃபிங்ஸ்ங்கிற கருவி, ஒவ்வொரு ப்ராஜெக்ட்டுக்கும் ஒரு சரக்குப் பட்டியல் ஃபைலை வெளியிடும். இன்னொரு ப்ராஜெக்ட் அந்தப் பட்டியலை மட்டும் டவுன்லோடு பண்ணிக்கிட்டு அதுக்கு லிங்க் கொடுத்துக்கலாம். அதே யோசனை.

ஐபிஎம்-ல பிறந்து 2005ல ஓயாசிஸ் அமைப்பு தரமா அறிவிச்ச டிட்டா, இன்னொரு படி போச்சு. 2010ல வந்த 1.2 பதிப்புல "கீ"ன்னு ஒண்ணு கொண்டுவந்தாங்க. எழுதுறவர் ஒரு சாவிப் பேரை மட்டும் எழுதுவார். அந்தச் சாவி எந்தக் கதவைத் திறக்கும்னு வேற ஒரு மேப் ஃபைல் சொல்லும். ஒரே கட்டுரை பெரிய மெஷின் மேனுவல்ல ஒரு பக்கத்தைக் காட்டும், சின்ன மெஷின் மேனுவல்ல வேற பக்கத்தைக் காட்டும். கட்டுரையைத் தொடவே வேண்டாம்.

எல்லாத்துலயும் அடிப்படை ஒண்ணுதான். கை காட்டுறவருக்கும் இலக்குக்கும் நடுவுல ஒரு பட்டியல். இலக்கு இடம் மாறினா பட்டியல்ல ஒரு வரி மாறும், நூறு புத்தகம் மாற வேண்டியதில்ல.

420ம் 302ம்

இது ஏதோ மேனுவல் எழுதுறவங்க கவலைன்னு நினைச்சுடாதீங்க. நம்ம நாடே 2024 ஜூலை 1ஆம் தேதி இதே பிரச்சினைக்குள்ள நுழைஞ்சது.

1860ல வந்த இந்திய தண்டனைச் சட்டம் போய், பாரதிய நியாய சன்ஹிதா அமலுக்கு வந்தது அன்னைக்குத்தான். பழசுல 511 பிரிவு, புதுசுல 358. கிட்டத்தட்ட எல்லா நம்பரும் மாறிப்போச்சு. "அவன் சரியான ஃபோர் ட்வென்டி"ன்னு நம்ம வீட்டுல சொல்வோமே, அந்த மோசடிப் பிரிவு இப்போ 318க்குள்ள இருக்கு. புதுச் சட்டத்துல 420னு ஒரு பிரிவே கிடையாது, 358 தாண்டாதே.

இப்போ 302ஐப் பாருங்க. கொலைக்கான தண்டனைப் பிரிவு. சினிமா பார்த்தே நமக்கு மனப்பாடம். புதுசுல அது 103. ஆனா புதுசுலயும் 302னு ஒரு பிரிவு இருக்கு. அது மத உணர்வைப் புண்படுத்தும் நோக்கத்தோட பேசுறது பத்தினது.

வித்தியாசம் தெரியுதா? 420ஐத் தேடிப் போனா எதுவும் கிடைக்காது, "ஏதோ மாறியிருக்கு"ன்னு உடனே புரிஞ்சுடும். அது உடைஞ்ச லிங்க். 302ஐத் தேடிப் போனா ஒண்ணு கிடைக்கும், ஆனா தப்பானது. உடைஞ்ச லிங்க் கத்தும். தப்பான லிங்க் சத்தமே போடாது. என்னோட 6.4 ரெண்டாவது ரகம்.

சட்டம் எழுதுறவங்க இதை யோசிக்காம இல்ல. 1897ல வந்த பொது விதிகள் சட்டத்தோட 8ஆவது பிரிவு சொல்றது இதுதான்: ஒரு சட்டத்தை நீக்கிட்டு அதே விஷயத்தைப் புதுசா இயற்றினா, மத்த சட்டங்கள்ல பழசைக் குறிக்கிற இடங்களைப் புதுசைக் குறிக்கிறதா எடுத்துக்கணும், வேற நோக்கம் தெரிஞ்சா ஒழிய. இன்டர்நெட் வர்றதுக்கு ரொம்ப வருஷம் முன்னாடியே ஒரு ரீடைரக்ட்!

அரசியலமைப்புச் சட்டத்துல வேற உத்தி. 2002ல கல்வி உரிமையைச் சேர்த்தப்போ, அதை 22னு வச்சுப் பழசை எல்லாம் தள்ளிவிடல. 21ஏ-ன்னு நடுவுல சொருகினாங்க. நம்பர் வரிசை அழகா இருக்கணும்னு யாரும் அடம்பிடிக்கல. ஏற்கனவே நாடு முழுக்கத் தீர்ப்புகள்ல எழுதப்பட்ட 22 பத்திரமா இருந்துச்சு.

இணையத்தோட தொழில்நுட்ப ஆவணங்களான ஆர்எஃப்சி-கள்ல மூணாவது உத்தி. 1969ல முதலாவது வந்ததுல இருந்து இன்னைக்கு வரைக்கும், வெளியிட்ட ஒண்ணைத் திருத்தவே மாட்டாங்க. மாற்றம் வேணும்னா புது நம்பர்ல புது ஆவணம். எச்டிடிபி 1.1க்கான 2616, 1999ல வந்தது. 2014ல அதுக்குப் பதிலா ஆறு ஆவணங்கள் வந்துச்சு. 2022ல அதுவும் மாறி இப்போ 9110லருந்து தொடங்குது. பழைய 2616 இன்னும் அப்படியே இருக்கு, ஆனா அதோட விவரப் பக்கத்துல "இதுக்குப் பதிலா இதைப் பாருங்க"ன்னு போட்டிருப்பாங்க. கை காட்டினவர் எழுதின வரி என்னைக்கும் பொய்யாகாது, படிக்கிறவரும் வழி தவறமாட்டார்.

மெஷின் செய்யாத வேலை

சரி, என் கதைக்கு வர்றேன். நாங்க என்ன பண்ணோம்?

முதல்ல நாலு புத்தகத்துலயும் கையால டைப் பண்ணின "பகுதி இத்தனை பார்க்க" எல்லாத்தையும் தேடி எடுத்தோம். அலுப்பான வேலை. ஒவ்வொண்ணையும் திறந்து, அது காட்டுற இடத்துல அந்த விஷயம் உண்மையிலேயே இருக்கான்னு ஒரு மனுஷன் படிச்சுப் பார்க்கணும். நம்பர் இருக்கான்னு மெஷின் சொல்லும், பொருத்தமான்னு அது சொல்லாது. 6.4 மாதிரி இன்னும் சிலது மாட்டுச்சு. அப்புறம் எல்லாத்தையும் ஐடிக்கு மாத்தினோம்.

மாத்தினதுக்கு அப்புறம்தான் ஒண்ணு புரிஞ்சது. ஐடிங்கிறது ஒரு வாக்கு. சர்வீஸ் புத்தகம் எழுதுறவர் "இந்தப் பேரு நல்லா இல்ல"ன்னு ஐடியை மாத்தினார்னா, அவருக்குத் தெரியாத மூணு புத்தகம் உடையும். அதனால நாங்க வச்ச முதல் சட்டம்: வெளியே போன ஐடியை மாத்தக் கூடாது, அழிக்கக் கூடாது. பகுதியே போயிடுச்சுன்னா அந்த ஐடியை, அது இருந்த இடத்துக்குப் பொருத்தமான புதுப் பகுதியில கொண்டுபோய் வைக்கணும். ரெண்டாவது சட்டம்: எந்த லிங்க்காவது இலக்கைக் கண்டுபிடிக்கலன்னா புத்தகம் தயாராகவே கூடாது. எச்சரிக்கை கொடுத்துட்டு மேல போறது வேண்டாம், எச்சரிக்கையை யாரும் படிக்கிறதில்ல. அங்கேயே நிக்கணும்.

இவ்வளவும் பண்ணியும் ஒரு ஓட்டை மிச்சம். அச்சடிச்ச புத்தகம். தொழிற்சாலையில மெஷின் பக்கத்துல எண்ணெய்க் கறையோட தொங்குற ஓட்டுறவர் புத்தகம் மூணாம் பதிப்பு. சர்வீஸ்காரர் பையில இருக்கிறது நாலாம் பதிப்பு. எங்க தகவல்தளம் எவ்வளவு சுத்தமா இருந்தாலும் அந்தக் காகிதத்துல இருக்கிற நம்பரை மாத்த முடியாது.

அதுக்கு ரெண்டு விஷயம் பண்ணோம். ஒண்ணு, வெறும் நம்பர் போடுறதை நிறுத்தினோம். புத்தகப் பேர், நம்பர், கூடவே தலைப்பு: "சர்வீஸ் மேனுவல், பகுதி 6.5, அழுத்தத்தை வெளியேற்றுதல்." நம்பர் நகர்ந்தாலும் தலைப்பு காட்டிக்கொடுத்துடும். போறவர் "இது அது இல்லையே"ன்னு அங்கேயே நிப்பார். எங்களைக் கூப்பிட்ட அந்த அண்ணனுக்கு அனுபவம் செஞ்ச வேலையை, புதுப் பையனுக்குத் தலைப்பு செய்யும்.

ரெண்டாவதுதான் முக்கியம். கை போகிற, உயிர் போகிற விஷயத்துக்கு லிங்க்கே கொடுக்கிறதில்லன்னு முடிவு பண்ணோம். அழுத்தத்தை எப்படி வெளியேற்றணுங்கிற அந்த ஆறு படியும் ஓட்டுறவர் புத்தகத்துலயே, அந்த மூடியைத் திறக்கச் சொல்ற வரிக்கு மேலயே வரும். திரும்பத் திரும்ப எழுதினா ஒண்ணு மாறி ஒண்ணு மாறாம போகாதான்னு கேப்பீங்க. எழுதுறது ஒரே இடத்துலதான், தயார் பண்ணும்போது தேவையான இடத்துல எல்லாம் சிஸ்டமே கொண்டுவந்து போட்டுடும். டிட்டா, டாக்புக் ரெண்டுலயும் இதுக்கு வழி இருக்கு.

கிராஸ் ரெஃபரன்ஸை எப்படிச் சரியா நிர்வகிக்கிறதுன்னு படிக்கப் போய், எங்க அதைப் பயன்படுத்தவே கூடாதுன்னு கத்துக்கிட்டு வந்தேன்னு சொல்லலாம்.

உங்களுக்கு இதுல என்ன?

நீங்க கம்ப்ரஸர் மேனுவல் எழுதப் போறதில்ல. ஆனா ஆபீஸ்ல ஒரு மார்க்டவுன் ஃபைல் எழுதுவீங்க. அதுல தலைப்புக்கு வர்ற லிங்க் பெரும்பாலும் தலைப்பு வார்த்தைகள்ல இருந்தே தானா உருவாகுது. நாளைக்கு யாரோ தலைப்புல ஒரு ஸ்பெல்லிங்கைத் திருத்தினா, வெளியில இருந்து வர்ற லிங்க் போச்சு. முக்கியமான பகுதிக்கு நீங்களே ஒரு நிலையான பேர் வைங்க. "மேலே சொன்ன மூணாவது பாயின்ட்"னு எழுதாதீங்க, நடுவுல ஒருத்தர் ஒரு பாயின்ட்டைச் சேர்ப்பார். லிங்க் கொடுக்கும்போது "இங்கே க்ளிக் பண்ணவும்"னு போடாம, அங்க என்ன இருக்குன்னு எழுதுங்க. லிங்க் செத்தாலும் வார்த்தை இருக்கும், தேடியாவது கண்டுபிடிச்சுக்கலாம். ஒரு பக்கத்தை அழிக்கிறதுக்கு முன்னாடி, இதை யார் கை காட்டிக்கிட்டு இருக்காங்கன்னு ஒரு நிமிஷம் தேடிப் பாருங்க.

அந்த டெக்னீஷியன் கூட அப்புறம் ஒரு தடவை பேசினேன். புதுப் பதிப்பு அனுப்பியிருந்தோம். "இப்போ சரியா இருக்கா சார்?"னு கேட்டேன். "பையன்கிட்டதான் கொடுத்திருக்கேன், அவன் படிச்சுட்டுச் சொல்லுவான்"னார்.

அந்தப் பையன் இதுவரைக்கும் கூப்பிடல. என் வேலையில அதுதான் பாராட்டு.

அடுத்த எபிசோடுல பார்ப்போம் மக்களே. உங்க ப்ராஜெக்ட் ரிப்போர்ட்டுல நடந்த கூத்து ஏதாவது இருந்தா எழுதி அனுப்புங்க. பேர் போடாம படிக்கிறேன்.